ட்ரோனுக்குத் தடை வந்தா பைலட் என்ன பண்றது? காரியாபட்டியிலிருந்து ஓர் அனுபவம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கித் தொகுக்கப்பட்டது)

நான் காரியாபட்டியிலிருந்து பேசுறேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி பக்கம் போனவங்க எங்க ஊரை பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, சீமைக்கருவேலம், பாதி வருஷம் தண்ணி இல்லாத கண்மாய். அந்தக் காட்டுல மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுறதுதான் இப்போ என் பொழைப்பு. அதுக்கு முன்னாடி கல்யாண வீடுகள்ல ட்ரோன் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன்.

இந்த எபிசோடு ஒரு போன் கால்ல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல இருக்கிற என் சித்தி பையன் கூப்பிட்டான். வீடு விக்கிறவங்களுக்கு ட்ரோன்ல படம் எடுத்துக் கொடுக்கிறது அவன் வேலை. "அண்ணே, இங்க வெளிநாட்டு ட்ரோனுக்கெல்லாம் தடை போட்டுட்டாங்க. என் மிஷினை வித்துடவா?"ன்னு கேட்டான். குரல்ல பதட்டம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவனைப் பார்த்து இல்ல, என்னைப் பார்த்து. அதே பதட்டத்துல நானும் ஒரு நாள் நின்னிருக்கேன்.

அந்த நாள் 2022 பிப்ரவரி 9. வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இந்திய அரசு அன்னைக்குத்தான் தடை போட்டுச்சு. முழு ட்ரோனா கொண்டு வரக் கூடாது, பாதி சேர்த்ததாவும் கூடாது, தனித்தனியா பிரிச்சு ஒரே செட்டாவும் கூடாது. பாதுகாப்பு, ஆராய்ச்சி மாதிரி சில தேவைகளுக்கு மட்டும் அனுமதி வாங்கிட்டுக் கொண்டு வரலாம். ஆனா உதிரி பாகங்களுக்குத் தடை இல்ல. இந்தக் கடைசி வரியை நான் அன்னைக்குக் கவனிக்கல. அதுக்குப் பின்னாடி வருவோம்.

தை, மாசி முகூர்த்த சீசன் அது. கையில ஒரு மடக்கு ட்ரோன், மூணு பேட்டரி, ஏழெட்டு கல்யாண ஆர்டர். செய்தியைக் கேட்டதும், நாளைக்கே போலீஸ் வந்து ட்ரோனைப் பிடுங்கிட்டுப் போயிடும்னு நினைச்சேன். யாரும் வரல. அடுத்த வாரக் கல்யாணமும் பறந்துச்சு, அதுக்கு அடுத்ததும் பறந்துச்சு. சரி, தடை பேப்பர்ல மட்டும்தான் போலன்னு அசந்துட்டேன்.

தடை எனக்கு வந்தது நாலு மாசம் கழிச்சு, ஒரு பேட்டரி உப்பின ரூபத்துல. புதுசு கிடைக்கல. கிடைச்ச இடத்துல பழைய விலை இல்ல. ஒரு வியாபாரி 'புதுசு'ன்னு கொடுத்ததைச் செக் பண்ணிப் பார்த்தா ஏற்கெனவே நூறு தடவைக்கு மேல சார்ஜ் ஏறினது. அடுத்து கேமராவைப் பிடிச்சிருக்கிற கிம்பல் ஒயர் போச்சு. ஒரு கல்யாண வீட்டுல, மாப்பிள்ளை அழைப்புக்கு அரை மணி நேரம் முன்னாடி. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தேன். பொண்ணோட அப்பா ஒண்ணும் திட்டல. "முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆள் பார்த்திருப்போமே தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

அன்னைக்குத்தான் புரிஞ்சது. தடை வர்ற அன்னைக்கு ட்ரோன் நிக்காது. அதுக்கு அப்புறம் பேட்டரி, ஒயர், ஆப் அப்டேட், பில்லுன்னு ஒவ்வொண்ணா வந்து நிறுத்தும். தயாராகிறதுன்னா அந்த இடைப்பட்ட காலத்தை உருப்படியா பயன்படுத்துறதுதான்.

தடைன்னு பொதுவா சொல்றோமே, அதுல மூணு வகை இருக்கு. நமக்கு எது வருதுன்னு தெரிஞ்சாத்தான் என்ன செய்யணும்னு தெரியும்.

முதல் வகை, புதுசா வர்றதுக்குத் தடை. 2022-ல நமக்கு வந்தது இதுதான். அமெரிக்காவுல 2025 டிசம்பர் 22-ம் தேதி எஃப்.சி.சி.ங்கிற தகவல் தொடர்பு ஆணையம் வெளிநாட்டு ட்ரோன்களைத் தன்னோட தடைப் பட்டியல்ல சேர்த்ததும் இந்த வகைதான். புது மாடலுக்கு அனுமதி கிடைக்காது. ஏற்கெனவே அனுமதி வாங்கின மாடலைப் பறக்க விடலாம். அதனால சித்தி பையன்கிட்ட, "விக்காதடா, ஆனா அதை மட்டும் நம்பியும் இருக்காத"ன்னு சொன்னேன்.

ரெண்டாவது வகை, பயன்படுத்துறதுக்கே தடை. ஃப்ளோரிடா மாநிலத்துல 2023 ஏப்ரல்ல அப்படி நடந்துச்சு. அங்க அரசுத் துறைகள், போலீஸ், தீயணைப்புன்னு எல்லாரும் பட்டியல்ல இல்லாத ட்ரோனை ஓரம் வைக்க வேண்டியதாச்சு. நல்லா ஓடிக்கிட்டு இருந்த மிஷின் ஒரே தேதியில அலமாரிக்குள்ள போயிடுச்சு. உங்க வாடிக்கையாளர் அரசாங்கம்னா நீங்க பயப்பட வேண்டியது இந்த வகைக்குத்தான்.

மூணாவது வகை, உள்ளே இருக்கிற பாகத்துக்குத் தடை. 2025 தொடக்கத்துல நம்ம ராணுவம் 400 ட்ரோனுக்கான ஒப்பந்தங்களை ரத்து பண்ணுச்சு. காரணம், உள்ளே சீனப் பாகங்கள். மேல ஒட்டியிருக்கிற பேரு இந்தியப் பேரா இருந்தாலும் மோட்டார், பேட்டரி செல், கன்ட்ரோலர் எங்கிருந்து வருதுன்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்கு ராணுவம் கேட்கிற கேள்வியை நாளைக்கு மத்தவங்களும் கேட்கலாம். நான் இப்போ தயாராகிறது இந்த மூணாவது வகைக்குத்தான்.

சரி, கல்யாண வீட்டுல இருந்து கரிசக்காட்டுக்கு எப்படி வந்தேன்? எங்க ஊர்ல விவசாயியை சம்சாரின்னுதான் சொல்லுவோம். மானாவாரியா மக்காச்சோளம், பருத்தி போட்டிருக்கிற சம்சாரிக்கு 2018-லிருந்து பெரிய தலைவலி, அமெரிக்கன் படைப்புழு. அது மக்காச்சோளக் குருத்துக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். சின்னப் புழுவா இருக்கிறப்பவே அடிக்கணும். ஆனா மழை பேஞ்ச கரிசல்ல கால் வச்சா செருப்போட சேர்ந்து மண்ணும் வரும். முதுகு டேங்குல அடிச்சா ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணி சுமக்கணும். ட்ரோனுக்குப் பத்து லிட்டர் போதும், ஏக்கருக்குப் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். தண்ணி இல்லாத சீமைக்கு இது சின்ன விஷயம் இல்ல.

மிஷின் வாங்கலாம்னு முடிவு பண்ணினப்போ ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, டைப் சர்ட்டிபிகேட் உள்ள இந்திய ட்ரோன். இன்னொண்ணு, ஒருத்தர் போன்ல காட்டின வெளிநாட்டு மிஷின். ஏறக்குறைய பாதி விலை, பில் கிடையாது. "காட்டுக்குள்ள யாருண்ணே வந்து கேட்கப் போறா?"ன்னாரு. அம்மா நகையை அடகு வச்ச பணம் கையில. பாதி விலைன்னா பாதி நகையை அப்பவே திருப்பிடலாம். மூணு நாள் தூக்கம் வரல.

என்னைக் காப்பாத்தினது மூணு கேள்வி. இன்னைக்கு ட்ரோன் வாங்கப் போற யாரா இருந்தாலும் இதைக் கேளுங்க.

இது என் பேர்ல பதிவாகுமா? 2021 ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு மேல உள்ள ட்ரோனை வச்சுத் தொழில் பண்ணணும்னா அந்த மாடலுக்கு டைப் சர்ட்டிபிகேட் வேணும், அதுக்குன்னு தனி அடையாள எண் வேணும், ஓட்டுறவருக்கு ரிமோட் பைலட் சர்ட்டிபிகேட் வேணும். இதுல தப்பினா ஒரு லட்சம் ரூபா வரைக்கும் அபராதம் போடலாம். 250 கிராமுக்குள்ள இருக்கிற நானோவுக்கு டைப் சர்ட்டிபிகேட்டும் பைலட் சர்ட்டிபிகேட்டும் வேண்டாம். ஆனா இறக்குமதித் தடையில இருந்து அதுக்கும் விலக்கு இல்ல. நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க.

பக்கத்துப் புஞ்சையில விழுந்தா யாரு பணம் கொடுப்பா? நானோவைத் தவிர மத்ததுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். பதிவே இல்லாத மிஷினுக்கு அந்தப் பேச்சே எடுக்க முடியாது. 25 கிலோவுக்குப் பக்கமா இருக்கிற மிஷின் சார் அது. ஆள் மேல விழுந்தா என்ன ஆகும்?

மூணாவது, கார்த்திகை மாசம் மோட்டார் போச்சுன்னா எத்தனை நாள்ல மாத்துவீங்க? விக்கிறவர் இதுக்கு மழுப்பினா எழுந்து வந்துடுங்க. எங்க சீசனே ரெண்டு, ரெண்டரை மாசம்தான்.

நான் காகிதம் உள்ளதையே வாங்கினேன். மீதிக்கு இன்னும் கடன் கட்டிக்கிட்டு இருக்கேன், ஒளிக்க ஒண்ணுமில்ல. அதே நேரம், மத்திய அரசோட வேளாண் இயந்திர மானியத் திட்டத்துல சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியலினத்தவருக்கு ட்ரோன் விலையில 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. 2025 செப்டம்பர்ல ட்ரோனுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமா குறைஞ்சுடுச்சு. இன்னைக்கு வாங்குறவங்களுக்கு என்னை விடக் கொஞ்சம் சுமை குறைவு.

இப்போ, தடை வரலாம்னு நினைச்சு நான் என்னென்ன செஞ்சு வச்சிருக்கேன்னு சொல்றேன்.

முதல்ல காகிதம். வாங்கின பில், பதிவு எண், இன்சூரன்ஸ், சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு ஃபைல், போன்ல ஒரு நகல், வீட்டுல ஒரு நகல். தேதி போட்ட பில் ரொம்ப முக்கியம். தடை எப்ப வந்தாலும் 'இந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கினது'ன்னு ஒரு வரி வரும். அதை நிரூபிக்க உங்க வாய் போதாது.

ரெண்டாவது பேட்டரி. பயந்துபோய்ப் பத்து பேட்டரி வாங்கி அடுக்காதீங்க. லித்தியம் பேட்டரி சும்மா வச்சிருந்தாலும் வயசாகும். ஒரு சீசனுக்கு வேணுங்கிறதும், அதுக்கு மேல ஒரு செட்டும் போதும். சும்மா கிடக்கிறப்போ பாதி சார்ஜ்ல வைங்க. முழுசாவும் வேண்டாம், காலியாவும் வேண்டாம். எங்க ஊர் சித்திரை வெயில்ல தகரக் கொட்டகைக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. இறக்கை, பம்ப், நாசில், ஒரு மோட்டார், இதெல்லாம் ஸ்பேர்ல இருக்கட்டும். ஏக்கருக்கு வாங்குற கூலியில 50 ரூபாயை நான் இதுக்குன்னே தனி டப்பாவுல போடுறேன்.

மூணாவது, ஒரே கம்பெனி ஆப்புக்குள்ள மாட்டிக்காதீங்க. காட்டோட எல்லை, பறந்த பாதை, எந்தத் தேதி எந்த மருந்து, எல்லாத்தையும் வெளிய எடுத்து வைங்க. கே.எம்.எல். மாதிரி பொது ஃபார்மட்ல இருந்தா எந்த மிஷினுக்கும் ஏத்திக்கலாம். கம்பெனி ஆப் நாளைக்கே நின்னாலும் என்கிட்ட காட்டுக் கணக்கு எல்லாம் இருக்கும். அதோட ஆர்டுபைலட், மிஷன் பிளானர் மாதிரி திறந்த மென்பொருளைக் கத்துக்கோங்க, இலவசம்தான். எந்த பிராண்டு மிஷினைக் கையில கொடுத்தாலும் ஒரு வாரத்துல பழகிடலாம்.

நாலாவது, சர்ட்டிபிகேட். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா போதும், 18 வயசுல இருந்து 65 வரைக்கும். ஒரு தடவை வாங்கினா பத்து வருஷம் செல்லும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துல அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி கொடுக்குது. அந்தச் சர்ட்டிபிகேட்ல ட்ரோன் வகையும் எடைப் பிரிவும்தான் இருக்கும், கம்பெனி பேரு இருக்காது. மிஷினுக்குத் தடை வரலாம், அந்தக் காகிதத்துக்கு வராது.

அஞ்சாவது, ஆளுங்க. திருச்சுழி, அருப்புக்கோட்டை, கல்லுப்பட்டி பக்கம் இருக்கிற நாலு பைலட்டுங்க சேர்ந்து ஒரு பேச்சு வச்சிருக்கோம். யாரு மிஷின் நின்னாலும் மத்தவர் வந்து அடிச்சுக் கொடுத்துடணும், கூலியில பாதிப் பாதி. போன மார்கழியில என் மிஷின் பம்ப் போச்சு. பத்து ஏக்கர் மக்காச்சோளம் பாக்கி, குருத்துல புழு. திருச்சுழியிலிருந்து நண்பர் காலையில ஆறரைக்கே வண்டியோட வந்துட்டாரு. அந்தச் சம்சாரிக்கு மிஷின் மாறினது கூடத் தெரியாது.

கடைசியா ஒண்ணு. என் கொட்டகையில இன்னமும் ரெண்டு பவர் ஸ்பிரேயர் இருக்கு. பசங்க கிண்டல் பண்ணுவாங்க, "ட்ரோன் பைலட் வீட்டுல முதுகு டேங்கு"ன்னு. பண்ணட்டும். சம்சாரி எனக்குப் போன் பண்றது ட்ரோனைப் பார்க்கிறதுக்கு இல்ல, நாளைக்குள்ள புழு சாகணும்னுதான். ட்ரோன் பறக்க முடியாத ஒரு நாள் வந்தா, "முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆள் பார்த்திருப்போமே தம்பி"ங்கிற வார்த்தையை நான் இன்னொரு தடவை கேட்கக் கூடாது.

நீங்க சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு சின்ன ட்ரோன் வச்சிருந்தீங்கன்னா, இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பில் எங்க இருக்குன்னு தேடுங்க, பேட்டரி உப்பியிருக்கான்னு தடவிப் பாருங்க. பில் கிடைக்கலைன்னா உங்க தயாரிப்பை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.