வணிகர் ஒருவர் வளர்த்த நட்பு



நாடுகளுக்கிடையே நட்பை வளர்ப்பது அரசாங்கத்தின் வேலை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஜப்பானியத் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி அப்படி எண்ணவில்லை. வங்கிகளையும் ஆலைகளையும் நிறுவிய அவர், 1909-ஆம் ஆண்டு தமது 69-ஆம் வயதில் வணிகர் குழு ஒன்றை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் மூன்று மாதங்கள் ரயிலில் ஊர் ஊராகச் சென்று, அங்குள்ள வணிகர்களைச் சந்தித்தார்கள்.

ஆனாலும் 1924-இல் அமெரிக்கா, ஜப்பானியர் குடியேறுவதைச் சட்டத்தால் தடுத்தது. அந்த மனக்கசப்பைக் கண்டு வருந்தினார், ஜப்பானில் ஊழியம் செய்து திரும்பியிருந்த மிஷனரி சிட்னி குலிக். அவருடைய முயற்சியால் 1927-இல் அமெரிக்கப் பிள்ளைகள் 12,000-க்கும் அதிகமான பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். முதிர்ந்த வயதிலும் ஷிபுசாவா அவற்றை வரவேற்கும் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு ஜப்பானியப் பிள்ளைகளின் பரிசாக 58 பொம்மைகள் அமெரிக்கா சென்றன.

1931-இல் ஷிபுசாவா மறைந்தார். பத்தே ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. பகைவரின் பொருள் என்று பல பொம்மைகள் எரிக்கப்பட்டன. அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீண்தானா? இல்லை. சிலர் துணிந்து பொம்மைகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவற்றில் சில நூறு இன்றும் ஜப்பானில் இருக்கின்றன. 2024 முதல் அந்நாட்டின் 10,000 யென் நோட்டில் ஷிபுசாவாவின் முகம் இடம்பெற்றிருக்கிறது.

போரைத் தடுக்கும் பலம் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் அயல்நாட்டாரை அயலாராக எண்ண நம் பிள்ளைகளைப் பழக்குவது நம் கையில் இருக்கிறது. வியாபாரத்துக்காகக் கடல் கடந்து செல்லும் நம்மவர்கள், சரக்கோடு நட்பையும் கொண்டு செல்வார்களாக.