மாறும் இலக்கமும் மாறாப் பெயரும்



வீட்டின் ஒரு மூலையிலே சிறு கணினியொன்றை அல்லும் பகலும் இயங்கவிட்டு, குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளையும் அதிலே சேமித்து, வெளியூரிலிருந்தும் அவற்றைத் திறந்து பார்ப்போர் இன்று பலர். தம் பொருளைப் பிறர் களஞ்சியத்தில் ஒப்படைக்க மனமில்லாதார்க்கு இஃது ஏற்ற வழியே. ஆயினும் ஒரு தொல்லை உண்டு. இணையச் சேவை வழங்குவோர் வீடுகளுக்கு அளிக்கும் இலக்கம் பெரும்பாலும் நிலையானதன்று. இன்றுள்ளது நாளை மாறிவிடலாம்.

இலக்கத்தை நினைவில் வைக்காமற் பெயராலே கணினியை அழைக்கும் இன்றைய முறையை, 1983ஆம் ஆண்டிலே போல் மொக்கபெற்றிஸ் என்பார் வகுத்தார். அம்முறையின் மேலே எழுந்ததுதான் இயங்குநிலைப் பெயர்ப் பதிவு. வீட்டிலுள்ள சிறு செய்நிரலொன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் இலக்கத்தைச் சோதித்து, மாறியிருப்பின் பெயர்ப் பதிவகத்துக்கு அறிவித்துவிடும். விலாசம் மாறியதைத் தபாற்கந்தோருக்கு அறிவிப்பது போன்றதே இது.

ஒரு வீட்டிலே பல சேவைகள் இருத்தல் கூடும். 'இல்லம்' என்பது நமது பெயராயின், 'படம்.இல்லம்', 'நூல்.இல்லம்' என ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிய வேண்டியதில்லை. பெயரின் முன்னே உடுக்குறி ஒன்றை இட்டுப் பதிந்தால், அதன்கீழ் எப்பெயரைக் கேட்பினும் ஒரே விடை கிடைக்கும். அவ்வுடுக்குறியை 'இல்லம்' என்னும் பெயருக்கே மாற்றுப்பெயராக்கிவிடின், இலக்கம் மாறும்போது ஓரிடத்தில் மட்டும் திருத்தினாற் போதும்.

இங்கே பலர் தடுமாறும் நுட்பமொன்றுண்டு. தனிப் பதிவு இல்லாத பெயருக்கே உடுக்குறி விடை சொல்லும். 'நூல்.இல்லம்' என்பதற்கு வெறும் உரைப் பதிவொன்றை இட்டாலும், அப்பெயருக்கு உடுக்குறி வாய் திறவாது. இலக்கத்தையும் தனியே பதிதல் வேண்டும்.

உடுக்குறி நல்லார் பொல்லார் என்று பாராது. எவரோ மனம்போனபடி புனைந்த பெயரும் நம் வாயிலுக்கே வந்து சேரும். ஆகவே, வந்தவர் கேட்ட பெயரை நோக்கி உரிய சேவைக்கு அனுப்பும் வாயிற்காப்போனாகிய செய்நிரல், அறியாத பெயரை மறுத்துவிடவேண்டும். லெட்ஸ் என்கிறிப்ற் நிறுவனம் 2018 முதல் உடுக்குறிச் சான்றிதழை இலவசமாக வழங்குகின்றது. பெயர்ப் பதிவிலே அடையாள உரையொன்றை இட்டு, உரிமையை நிறுவியே அதனைப் பெறலாம். சேவைகளின் பெயர்கள் பொதுப் பதிவேடுகளில் வெளிப்படாதிருத்தல் அச்சான்றிதழின் ஒரு நன்மை. ஆனால், மறைவு பூட்டாகாது, கடவுச்சொல் இன்றியமையாதது. பெயர்ப் பதிவை மாற்றும் இரகசியச் சாவி களவுபோயின், நம் பெயரையே பிறர் தம் வீட்டுக்குத் திருப்பிவிடுவர்.

இவற்றில் இறங்குமுன் ஒன்றைச் சோதித்தல் நன்று. ரவுட்டர் தன் வெளியிலக்கமாகக் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்கும் ஒரே பொது இலக்கம் பகிரப்படுகின்றது என்று கொள்க. அந்நிலையில் பெயரை எத்துணை செம்மையாகப் பதிந்தாலும் வெளியார் அழைப்பு வீடு வந்து சேராது. சேவை வழங்குவோரிடம் தனிப் பொது இலக்கம் கிடைக்குமா என முதலிற் கேட்டறிதல் வேண்டும்.