பதில் சொன்னவர்களிடம் திரும்பிப் போங்கள்



இந்தப் பட்டமளிப்பு விழாவில் என் முதல் வாழ்த்து பெற்றோருக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர்கள், நிலக்கோட்டைப் பக்கம் விடியும் முன்பே பூப் பறித்தவர்கள், சின்னாளபட்டியில் தறியில் உட்கார்ந்தவர்கள், பேகம்பூரில் தோல் பதனிட்டவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் முதல் பட்டம் இன்றுதான் வருகிறது என்றால், அதில் பாதி உங்களுடையது.

சற்று முன் கல்லூரி முதல்வர் ஆண்டறிக்கை வாசித்தார். ஆய்வுக் கட்டுரைகள், கருத்தரங்குகள், பரிசுகள், முன்னாள் மாணவர்கள் எட்டிய பதவிகள் என்று எல்லாவற்றுக்கும் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் பல ஆண்டுகள் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த ஆய்வுகளில் வினாத்தாளுக்குப் பதில் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டோம். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்கள்; பலர் மோரும் கொடுத்தார்கள். கடைசியில் நாம் என்ன கண்டுபிடித்தோம் என்று அவர்களில் எவருக்காவது சொன்னோமா?

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பதில் சொன்னவர்களிடம் திரும்பிப் போங்கள். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

திண்டுக்கல்–மதுரை சாலையில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்து, அதன் பிறகு டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் சௌந்தரம் அம்மையார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் டாக்டர் மதுரை நகரத்தில் பலகை மாட்டியிருந்தால் கூட்டம் அலைமோதியிருக்கும். அவரும் பிறகு அவர் மறுமணம் செய்துகொண்ட ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் இங்கே வந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பிரசவமும் பள்ளிக்கூடமும் கைத்தொழிலும் ஒரே இடத்தில் வளர்ந்தன. 1956-ல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

அங்கே படிக்கும் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்திலேயே உண்டு. தங்குவதற்கும் போய் வருவதற்கும் வேறுபாடு இருக்கிறது. காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறவர் அந்த ஊர் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டியதில்லை. அங்கேயே தங்குகிறவர் விழித்தாக வேண்டும். ‘நேற்று அவ்வளவு கேட்டாயே தம்பி, என்ன எழுதினாய்?’ என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். ஆய்வு முறையைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. அந்த ஒரு கேள்வி கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எந்த நூலிலும் கிடைக்காது.

காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள ஆத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் காந்திகிராமத்தில் ஒரு முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கியது. 1964-ல் அது ஊரக நலவாழ்வு மற்றும் குடும்பநல நிறுவனமாக வளர்ந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சையே வீட்டுக்குள் எடுக்க முடியாத காலம் அது. அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் பதிந்தார்கள். அதோடு, ஊரில் யார் சொன்னால் ஊர் கேட்கும் என்று கண்டுபிடித்து, அவர்கள் வாயிலாகவே செய்தியைக் கொண்டுபோனார்கள். பத்தாண்டுக்குள் அங்கே பிறப்பு விகிதம் நன்றாகக் குறைந்தது. கணக்கெடுத்தவர்களே கணக்கின் பொருளையும் ஊரோடு பேசினார்கள் என்பதுதான் நான் அதில் பார்க்கும் பாடம்.

கலைப் படிப்புப் படித்தவர்கள், ‘இது டாக்டர்களின் கதை, எங்களுக்கு என்ன?’ என்று நினைக்கலாம். உங்கள் கதையும் அங்கே இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் காந்திகிராமத்தில் நாடகப் பட்டறைகள் நடந்தன. நாடக இயக்குநர் சே. ராமானுஜம் போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். அவற்றில் பயிற்சி பெற்றவர்களில் கல்லூரி ஆசிரியர்களும் உண்டு. அப்படிப் பயிற்சி பெற்ற மு. ராமசாமி மதுரையில் 1978-ல் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். மேடையும் திரையும் டிக்கெட்டும் இல்லாமல் தெருவிலேயே நாடகம் போட்டார்கள். நாட்டார் கலைகளிலிருந்து எடுத்ததை ஜனங்கள் நடுவிலேயே வைத்தார்கள். அதுவும் திரும்பிப் போவதுதான்.

இப்படித் திரும்பிப் போவதில் வத்தலக்குண்டு மண்ணுக்குத் தனி உரிமை உண்டு. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையர், ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா ஆகிய மூவரும் அந்த ஊர்க்காரர்கள். செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அது களமாக இருந்தது. புத்தகங்களை வாங்க ஆள் வரவில்லை என்று அவர் வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். எழுதியவர் வேலை எழுதி முடித்ததோடு தீர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறவர்கள் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னாள் மாணவர் என்றால் என்ன பதவியில் இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்கிறோம். இதே மாவட்டத்துப் பெண் ஒருவரைச் சொல்கிறேன். 1926-ல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்துக்கு ஒரு நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கும். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, அவரும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கீழத் தஞ்சைக்குப் போய்த் தங்கினார்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்தார்கள். பட்டாவைப் பெண்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தார்கள். 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருதும் 2020-ல் பத்மபூஷண் விருதும் கிருஷ்ணம்மாளைத் தேடி வந்தன.

1990-களில் நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகி, குடிநீரும் வயலும் உப்பாயின. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தது. 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2005-ல் வந்த புதிய சட்டம் நிலைமையைப் பண்ணைகளுக்குச் சாதகமாக மாற்றிவிட்டது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும், உப்பான கிணற்றுக்காரர் பேச்சும் விஞ்ஞானியின் அளவீடும் ஒரே வழக்குக் கட்டில் சேர்ந்து நீதிமன்றம் போனால் என்ன நடக்கும் என்று அந்த வழக்கு காட்டியது.

2022 நவம்பர் 11 அன்று காந்திகிராமத்தின் 36-ஆவது பட்டமளிப்பு விழாவுக்குப் பிரதமர் வந்தார். இளையராஜாவுக்கும் உமையாள்புரம் சிவராமனுக்கும் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. எல்லாப் பத்திரிகைகளிலும் படத்தோடு செய்தி வந்தது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படித்தது எந்தப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தி ஆகவில்லை, ஆகவும் ஆகாது. உங்கள் வேலை பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையில்தான் இருக்கும். அதற்கு இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்த பிறகு பட்டறையில் பூட்டு செய்கிறவர் கூலி ஏறியதா? பொருளாதாரம் படித்தவர்கள் போய்க் கேளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்ட ஊர்களில், தண்ணீர் நன்றாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இன்னும் இருக்கிறது. வரலாறு படித்தவர்கள் அந்த நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். சிறுமலை வாழையை முடிக்கொத்து நோய் ஏறக்குறைய அழித்தபோது தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தமிழ் படித்தவர்கள் அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள்.

இனி மூன்று வேண்டுகோள்கள். மாணவர்களே, உங்கள் புராஜெக்டில் என்ன கண்டீர்கள் என்று இரண்டே பக்கத்தில், படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும் தமிழில் எழுதுங்கள். அக்டோபர் 2 அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, நீங்கள் கேள்வி கேட்ட அதே ஊரில் அதை வாசியுங்கள். பேராசிரியர்களே, அந்த இரண்டு பக்கம் இல்லாமல் எந்த ஆய்வேட்டையும் ஏற்க வேண்டாம். முன்னாள் மாணவர்களே, ஆண்டுக்கொருமுறை வந்து சால்வை வாங்கிக்கொண்டு போவதோடு நிற்காமல், ஒரு நாள் வகுப்பறையில் உட்கார்ந்து, வேலைக்குப் போன பிறகு இங்கே படித்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்று இளையவர்களுக்குச் சொல்லுங்கள்.

கிராம சபையில் நீங்கள் வாசிக்கும்போது ஒரு பெரியவர் எழுந்து, ‘அம்மா, நீ எழுதியது தப்பு, நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பார். மனம் சுருங்கிவிடாதீர்கள். நோட்டை எடுத்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புறத்தேர்வாளரும் கண்டுபிடிக்காத பிழையை அவர் கண்டுபிடித்திருக்கிறார். உங்கள் அடுத்த ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம்.