தோள் எலும்பின் உறுதியும் சூரிய ஒளியும்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பற்றியே இத்தகைய கூட்டங்களில் நாம் பெரிதும் பேசி வருகின்றோம். இன்று உழைப்பவரின் தோளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன். மண்வெட்டி பிடிப்பதும், நெற்கட்டைத் தலைக்கு ஏற்றுவதும் தோளின் வலிமையால்தான். முதியவர் ஒருவர் கால் இடறிக் கையூன்றி விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டால், தலை வாரவும் பிறர் உதவியை நாட வேண்டியவராகின்றார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டி வீட்டில் மற்றொருவரின் கூலியும் நின்றுபோகின்றது.

மேற்கை எலும்பின் தலைப்பகுதி பந்து போன்றது. அதன் உட்புறம் தேன்கூடு போன்ற சிறு சிறு அறைகளால் ஆனது. முதுமையிலும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னரும் இவ்வறைகளின் சுவர்கள் மெலிகின்றன. அந்நிலையில் நின்ற இடத்தில் விழுந்தாலும் எலும்பு முறியக்கூடும். இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு ஆகியவற்றைப் போலவே தோளும் முதியோர்க்கு எளிதில் முறியும் இடங்களுள் ஒன்று.

எலும்புக்கு உரம் சுண்ணாம்புச்சத்து. ஆனால் ஏரியில் நீர் இருந்தும் வாய்க்கால் அடைபட்டால் பயிர் வாடுமன்றோ? உண்ட சுண்ணாம்புச்சத்தைக் குடலிலிருந்து இரத்தத்திற்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்காலாக இருப்பது வைட்டமின் டி. அது குறைந்தால், இரத்தத்தின் தேவைக்காக எலும்பிலிருந்தே சுண்ணாம்பு எடுக்கப்படுகின்றது. குறைபாடு முற்றினால் எலும்பு நோவும், தரையிலிருந்து எழவும் கையை உயரத் தூக்கவும் இயலாத தசைத் தளர்ச்சியும் உண்டாகும்.

இச்சத்தை நம் தோலே வெயிலில் ஆக்கிக்கொள்கின்றது. 1919-ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு மெலிந்த குழந்தைகளுக்குப் புற ஊதாக் கதிர் விளக்கொளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மறு கையின் எலும்பும் தேறியது. தோலில் உண்டாகும் சத்து இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் சென்று பயன் தருகின்றது என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இக்குறைபாடு ஏன் என்று கேட்பீர்கள். துணி மூடிய தோலிலும், கண்ணாடிச் சன்னலுக்குள் வரும் வெயிலிலும் இச்சத்து உண்டாவது அரிது. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வீட்டிற்குள் பீடி சுற்றுவோர், தறியில் அமர்ந்திருப்போர், திண்ணையை விட்டு இறங்காத முதியோர் ஆகியோர்க்கு வெயில் கிட்டுவதில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே ஏற்ற வேளை. அந்நேரத்தில் கைகளிலும் முகத்திலும் சிறிது நேரம் வெயில் படட்டும். அக்கினி நட்சத்திர நாள்களில் முதியோர் உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

உணவிலும் கருத்துச் செலுத்துவீராக. 2020-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அளவின்படி, வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 10 மில்லிகிராமே. அதே அளவு கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முருங்கைக்கீரையும் பாலும் மோரும் நல்லவை. மத்தி மீனும் முட்டை மஞ்சள்கருவும் வைட்டமின் டி-யும் தருவன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோள்வலி யாவும் இக்குறைபாட்டால் வருவன அல்ல. பெரும்பாலான தோள்வலி தசைநாண்களின் தேய்வால் வருவது. தோள் இறுகிப்போவது நீரிழிவு உடையவர்களிடம் மிகுதி. வைட்டமின் மாத்திரையை மிகுதியாக உண்டால் இரத்தத்தில் சுண்ணாம்பு கூடிச் சிறுநீரகம் கெடும். ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுக்கப்பட்ட மூதாட்டியரிடம் விழுதலும் முறிவும் கூடின என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2010-இல் காட்டியது. ஆகவே மருத்துவர் சொன்ன அளவே மருந்து. விழுந்தபின் தோள் வீங்கினால், முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் இறுகக் கட்டுப்போடுதல் தகாது. விலகாத முறிவுகள் பெரும்பாலும் தொட்டில்கட்டினாலும், மருத்துவர் சொல்லும் காலத்தில் தொடங்கும் பயிற்சியினாலும் ஆறிவிடும். பயிற்சியைத் தள்ளிப்போட்டால் தோள் இறுகிவிடும்.

உறுப்பினர்களே! எலும்பை வலுப்படுத்துவது பாதி வேலை. விழாமல் காப்பது மறு பாதி. பாசி படிந்த குழாயடியைச் சுரண்டித் துப்புரவு செய்யுங்கள். மூடியில்லாத சாக்கடைக்கு மூடி இடுங்கள். எரியாத தெருவிளக்கை அன்றே மாற்றுங்கள். பொதுக் கழிப்பறைப் படியருகே கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். இவற்றிற்காகும் செலவு, ஒரு முறிவினால் ஒரு குடும்பம் அடையும் இழப்பை நோக்கச் சிறிதே. அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கின்றேன்.