ஓர் ஊருக்கு ஒரு பதிவு



குடும்ப வரலாற்றைக் கணினியில் எழுதிவைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பெயர்களையும் தேதிகளையும் கவனத்தோடு பதிகின்றோம். ஊர்ப் பெயரில்தான் தவறிவிடுகின்றோம்.

என் அனுபவத்தையே சொல்லுகிறேன். மும்பை மாதுங்காவில் வாழும் என் அத்தைக்கு வயது தொண்ணூறைக் கடந்துவிட்டது. செங்கோட்டையில் பிறந்தோர் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "பெரிய அண்ணனை எங்கே காணோம்?" என்று கேட்டார். பெரியப்பா விட்டுப் போகவில்லை. அவர் பிறந்த இடத்தை வேறோர் எழுத்துக்கூட்டலில், திருவிதாங்கூர் என்று சேர்த்துப் பதிந்திருந்தேன். கணினிக்கு அது வேறோர் ஊர். தேடிப் பார்த்தால், எங்கள் செங்கோட்டை ஐந்து ஊர்களாகச் சிதறிக் கிடந்தது!

குற்றம் முழுதும் என்னுடையதன்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைகள் மாறின. 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம். பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியம். 1956 நவம்பர் 1 முதல் சென்னை இராச்சியத்துத் திருநெல்வேலி மாவட்டம். 1969-இல் அவ்விராச்சியமே தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்கு ஐந்து முகவரிகள்!

பழைய பெயரை எழுதுவதா, இன்றைய பெயரையா என்று வாதிடுவோர் உளர். ஊருக்கு ஒரே பதிவு, தலைப்பில் ஒரே வடிவம் என்பது என் கட்சி. ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் மாற்றுப் பெயர்களாக அதனுள் அடங்கட்டும். கிராம்ப்ஸ் போன்ற மென்பொருளில், ஓர் ஊர் எந்த ஆண்டுகளில் எந்த ஆட்சிப் பகுதியைச் சேர்ந்திருந்தது என்பதையும் காலவரையுடன் குறிக்கலாம். அவ்வசதி இல்லையேல், இன்றைய முகவரியையே எங்கும் ஒன்றுபோல் எழுதிப் பழைய ஆட்சிப் பகுதியைக் குறிப்பில் சேர்க்கலாம். இக்குறிப்பை விடலாகாது, திருவிதாங்கூர்க் காலத்து ஆவணத்தைத் தேடுபவர் முதலில் நாடவேண்டியது திருவனந்தபுரத்தையே அன்றிச் சென்னையை அன்று.

ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம் எனச் சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லுங்கள். வட்டம் தெரியாவிடில் அவ்விடத்தை வெறுமையாக விட்டுக் காற்புள்ளியை மட்டும் நிறுத்துங்கள். புதூர் என்னும் பெயரில் எத்தனையோ ஊர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சேர்த்தால் குழப்பமில்லை. பத்திரத்திற் கண்ட எழுத்தையோ திருத்தவேண்டா. பிழையாயினும் அப்படியே சான்றுக் குறிப்பில் இருக்கட்டும்.

தலைப்பெழுத்தையும் மறவாதீர்கள். நம் முன்னோர் பலருக்கு முதலெழுத்து ஊரையும் அடுத்தது தந்தையையும் குறித்தன. வடக்கே வந்த பிறகு அதுவே சிலருக்குக் குடும்பப் பெயராக விரிந்தது. சிலருக்கு உதிர்ந்தே போயிற்று. பெரியப்பாவின் முதல் 'எஸ்' செங்கோட்டை என்றே நான் எண்ணியிருந்தேன். அத்தையைக் கேட்டேன். அது சுந்தரபாண்டியபுரமாம், செங்கோட்டைக்குக் குடிபெயருமுன் அவர்கள் இருந்த ஊர். அந்த ஊருக்கும் அன்றிரவே ஒரு பதிவு திறந்தேன்.