ஸ்கிரீனுக்கே முதல் மரியாதை

ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலில் இறங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். டேபிளுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருப்பார்கள். எந்தெந்த வண்ணத்தில் எத்தனை கிலோ மை வாங்குவது என்று பட்டியல் போட்டிருப்பார்கள். ஸ்கிரீன் என்று பேச்செடுத்தால் மட்டும், "அது கடையில கிடைக்கிறதை வாங்கிக்கலாம் சார்" என்று முடித்துவிடுவார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் தொழில் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்று பார்க்க வேண்டுமானால், சென்னை தாரா புக்ஸ் 2006இல் கொண்டுவந்த ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள் அதில் இருக்கின்றன. பக்கம் முழுக்கக் கறுப்புத் தாள். அதன்மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை எல்லாம் பளிச்சென்று நிற்கின்றன. சென்னையிலேயே ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் பட்டறையில் கையால் அச்சிட்டது. ஆஃப்செட் மை மெல்லிசானது, ஒளி ஊடுருவுவது. கறுப்புத் தாளில் விழுந்தால் இருக்கிற இடம் தெரியாது. ஸ்கிரீனில் இறங்கும் மை பல மடங்கு தடிமன். அதனால் தாளின்மேல் ஏறி உட்காருகிறது. அந்தப் புத்தகத்தைக் கண்ணுக்கு முன்னால் விரல் படித்துவிடும். வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன் வீதம், ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார்ந்தால்தான் அந்த மரம் மரமாகும். அப்படியென்றால் ஓவியருக்கு அடுத்தபடியாக அந்தப் பக்கத்தில் வேலை செய்திருப்பது, நன்றாக இழுத்துக் கட்டிய ஒரு துணி.

அந்தத் துணிக்கு இன்றைக்கும் நம் கடைகளில் போல்டிங் துணி என்ற பெயர் உண்டு. மாவு மில்லில் மாவு சலிக்க நெய்த பட்டுத் துணியின் பெயர் அது. பட்டுத் துணியை இந்த அச்சுக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1907இல் மான்செஸ்டர் சாமுவேல் சைமன் காப்புரிமை வாங்கினார். பட்டு போய் இப்போது பாலியெஸ்டர். பெயரில் மட்டும் சில்க் ஸ்கிரீன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் துணியை, அதாவது மெஷ்ஷை, வாங்கும்போது நம்பர் கேட்பீர்கள். கடைக்காரர் 120 என்று எடுத்துக் கொடுப்பார். எந்தக் கணக்கில் 120 என்று கேளுங்கள். சென்டிமீட்டருக்கு 120 இழை என்றால் அது மிக நைசான மெஷ். அங்குலக் கணக்கில் அதற்கு 305 என்று பெயர். அங்குலத்துக்கு 120 இழை என்றால் அது சென்டிமீட்டருக்கு 47. பனியனில் அடிக்கும் பெருவெட்டு மெஷ். ஒரே நம்பர், இரண்டு வேறு உலகம். கல்யாணப் பத்திரிகையில் பொடி எழுத்து அடிக்க நினைத்தவர் அங்குலக் கணக்கு 120ஐ வாங்கிப் போனால், மை பொதபொதவென்று இறங்கி ‘ஞ’வின் சுழியெல்லாம் மூடிக்கொள்ளும். டி-ஷர்ட்டுக்கு சென்டிமீட்டர் கணக்கில் 43 முதல் 55 வரை, அட்டைக்கும் தாளுக்கும் 90 முதல் 120 வரை என்று மனதில் வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் மஞ்சள் சாயம் ஏற்றிய மெஷ் கிடைக்கும். வெள்ளை இழை வெளிச்சத்தை உள்ளுக்குள்ளேயே சிதறடிக்கும், எழுத்தின் ஓரம் அரிபடும். மஞ்சள் இழையில் அந்தத் தொந்தரவு குறைவு.

அடுத்தது ஃபிரேம். மரச் சட்டம் மலிவு, உண்மைதான். ஆனால் ஸ்கிரீன் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் குளிக்கும் பொருள். மரம் ஊறும், காயும், ஒரு மழைக்காலம் போனதும் முறுக்கிக்கொள்ளும். பத்து மரச் சட்டம் வாங்கும் காசில் நான்கு அலுமினிய ஃபிரேம் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் பத்து சென்டிமீட்டர் இடம் விடவேண்டும். ஏ4 அளவுப் படத்துக்கு உள்ளளவு 16க்கு 20 அங்குலம் சரியாக வரும். இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ஓரங்களில் மை தள்ளும் ஸ்க்வீஜி அமுங்காது.

கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஃபிரேமைக் கண்ணாடி மேசையில் படுக்கப் போட்டு எதிரெதிர் மூலைகளை அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் திருப்பிக் கொடுங்கள். பிறகு மூலை வெல்டிங்கைப் பாருங்கள். அலுமினிய ஃபிரேம் உள்ளே பொள்ளல். வெல்டிங்கில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கழுவும்போது தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும். இரண்டு நாள் கழித்து நல்ல வெள்ளை பனியன்மேல் ஸ்கிரீனைக் கவிழ்க்கும்போது, அழுக்கும் மையும் கலந்த அந்தத் தண்ணீர் சொட்டென்று இறங்கும். எங்கிருந்து வந்தது என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மெஷ்ஷின் விறைப்புக்குக் கருவி உண்டு. சென்டிமீட்டருக்கு 20 முதல் 25 நியூட்டன் வரை இருந்தால் நல்லது. கருவி விலை புதியவருக்குக் கட்டுப்படியாகாது. விரலால் சுண்டிப் பாருங்கள். தீயில் காய்ச்சிய பறைபோலக் கணீரென்று பேசவேண்டும். தொளதொளத்த மெஷ் என்ன செய்யும்? ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் அடிக்கிறோம். ஸ்க்வீஜி கடந்த மறுகணம் மெஷ் துணியை விட்டுத் துள்ளி எழவேண்டும். எழாமல் மையோடு ஒட்டிக்கொண்டால் அச்சு இழுபடும். வண்ணம் கூடக் கூட இழுபறியும் கூடும். புதிதாகக் கட்டிய மெஷ் முதல் ஓரிரு நாளில் கொஞ்சம் தளரும், அதனால் கட்டிய அன்றே அவசரப்பட்டு நுணுக்க வேலைக்கு எடுக்காதீர்கள்.

மெஷ்ஷில் படத்தை இறக்கப் பூசும் எமல்ஷன் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய பட்டறைகளில் டைகுரோமேட் கலந்துதான் கோட்டிங் போடுவார்கள். காசு குறைவு. ஆனால் அந்த ஆரஞ்சு நிற உப்பில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். தோலில் புண் வைக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். தவிர, இருட்டில் வைத்திருந்தாலும் அந்தக் கோட்டிங் தானாக இறுகிக்கொண்டே போகும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். டயஸோ எமல்ஷனோ ரெடிமேட் ஃபோட்டோபாலிமரோ வாங்குங்கள், விலை வித்தியாசத்தை ஆஸ்பத்திரியில் கொடுக்காமல் இருக்கலாம். தண்ணீர் மையா, கரைப்பான் மையா என்று சொல்லி அதற்கு ஏற்றதைக் கேளுங்கள். கோட்டிங் போட்டதும் துணியில் படும் பக்கம் கீழே இருக்கும்படி இருட்டில் படுக்கப் போட்டு, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் லைட்டில் எக்ஸ்போஸ் செய்த படம் தண்ணீர் பட்டதும் வழிந்து போகிறது என்றால், லைட்டைச் சந்தேகிப்பதற்கு முன் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

இனி பராமரிப்பு. கடைசிப் பிரதி அடித்த கையோடு கழுவவேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் தண்ணீர் மை இழைக்கு நடுவே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடிக்கிற நேரத்திலேயே கொஞ்சம் நிற்க நேர்ந்தாலும் மையை ஒரு தடவை பரப்பிவிட்டு நில்லுங்கள். மிச்ச மையை வழிக்கத் தகரத் துண்டை எடுக்காதீர்கள், அட்டையோ பிளாஸ்டிக்கோ போதும். பிறகு பனியன் வேஸ்ட்டால் இரண்டு பக்கமும் துடைத்து, மை சுத்தமாகப் போன பிறகே எமல்ஷனைக் கழற்றவேண்டும்.

எமல்ஷன் ரிமூவர் தடவிய ஸ்கிரீனைக் காயவிடவே கூடாது. காய்ந்துவிட்டால் எமல்ஷன் நிரந்தரமாக இழையில் பூட்டிக்கொள்ளும், பிறகு அந்த மெஷ்ஷை அறுத்துப் போடவேண்டியதுதான். இரண்டு பக்கமும் தடவி, நைலான் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, ஓரிரு நிமிடத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறப்போடுகிறவர்கள் அதோடு ஆசிட் சேர்த்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கழுவிய பிறகும் பழைய படத்தின் நிழல் மெஷ்ஷில் லேசாகத் தெரியும். அதைப் போக்கியே தீருவது என்று காஸ்டிக் மருந்தைப் போட்டு விடாமல் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணறை திறந்திருந்தால் அந்தக் கறையால் ஒன்றும் கெடாது. நிழலைவிட அந்தத் தேய்ப்புதான் மெஷ்ஷுக்குச் சத்துரு.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் நம் கணக்கில் வரவேண்டும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாம் விடுவது சில குடம்தான், ஆனாலும் மையைத் துடைத்து எடுத்துவிட்டுக் கழுவினால் சாக்கடைக்குப் போகும் சாயம் பெருமளவு குறையும்.

எப்படிப் பார்த்தாலும் மெஷ் ஒருநாள் கிழியும். ஊசி ஓட்டையாக இருந்தால் எமல்ஷன் தொட்டு வைத்தோ டேப் ஒட்டியோ அந்த ஆர்டரை முடித்துவிடலாம். பெரிதாகக் கிழிந்தால் ஃபிரேமை மறுமெஷ்ஷுக்குக் கொடுங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, சட்டத்தைச் சமமாகத் தேய்த்த பிறகே புது மெஷ் ஒட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் அந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.