வழியிலே போகும் உயிர்



"வழியிலேயே உயிர் போயிற்று." எத்தனை இழவு வீடுகளிலே இந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறோம்! விதி என்று வைதிகன் கூறினான். வேளை வந்தது என்று வீட்டார் தேற்றிக்கொண்டனர். வீட்டுக்கு உறவினர் பொறுப்பு. மருத்துவமனைக்கு மருத்துவர் பொறுப்பு. இடையிலே கிடக்கும் வழிக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை எழுப்பி, விடையும் கண்ட ஓர் ஊரின் கதையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்கா, சந்திரனுக்கு ஆள் அனுப்பத் திட்டம் தீட்டிய காலம். தெருவிலே மயங்கி வீழ்ந்தவனை எடுத்துச் செல்ல அங்கே இருந்த ஏற்பாடு என்ன தெரியுமா? சவ ஊர்தி! நாட்டின் ஆம்புலன்ஸ் பணியிலே ஏறத்தாழப் பாதியை, பிணம் அடக்கம் செய்யும் 12,000 தொழிலாளர்களே நடத்திவந்தனர் என்று 1966-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை கூறிற்று. படுத்த நிலையில் ஆளை ஏற்ற அவர்களது வண்டியில்தான் இடம் இருந்தது! பிட்ஸ்பர்க் நகரிலோ, கைதியை ஏற்றும் போலீஸ் வண்டியே நோயாளியையும் ஏற்றிற்று. முன்னே போலீசார், பின்னே நோயாளி. பக்கத்திலே மருத்துவம் அறிந்தவர் எவருமில்லை.

ஏழைக்கு மட்டுமா இந்தக் கதி? அந்நகரின் மேயராகவும் மாநிலத்தின் கவர்னராகவும் இருந்த டேவிட் லாரன்ஸ், 1966 நவம்பரிலே மேடையில் பேசும்போதே சாய்ந்தார். அவரையும் போலீஸ் வண்டிதான் சுமந்தது. மருத்துவமனையிலே இதயம் மீண்டும் துடித்தது; நினைவு மட்டும் திரும்பவில்லை. சில நாட்களில் மறைந்தார். மூளை, பிராணவாயு இன்றிச் சில நிமிடங்களே தாங்கும். அந்த நிமிடங்கள் வழியிலே கழிந்துவிட்டால், சேருமிடத்திலே எத்தனை மேதைகள் காத்திருந்தும் என்ன பயன்?

அவருக்குச் சிகிச்சை அளித்தவர் பீட்டர் சாஃபர், வியன்னாவிலே பிறந்தவர், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டும் முறையை ஆய்ந்து நிலைநாட்டியவர். அதே ஆண்டிலே தம் சிறுமகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்த தந்தை. மருத்துவமனையின் வாயிலிலே காத்திருந்தால் போதாது, சிகிச்சையே நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டும் என்று அவர் துணிந்தார்.

தேடிச் செல்ல ஆட்கள் எங்கே? ஹில் பகுதியிலே கிடைத்தனர்! கறுப்பின மக்கள் வாழ்ந்த, வறுமை மண்டிய வட்டாரம். பிலிப் ஹாலன் என்பார் துணை நிற்க, ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் பணி 1967-இல் உருவாயிற்று. வேலை கிடைக்காதோர், பள்ளிப் படிப்பை முடிக்காதோர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியோர், சிறை கண்டோரும் சிலர். 'இவர்களால் என்ன ஆகும்?' என்று ஏளனம் பேசிற்று ஊர். ஏறத்தாழ 300 மணி நேரம் பயிற்சி. உணர்விழந்தவனின் நாக்கு பின்னே சரிந்து மூச்சை அடைக்கும். தலையைச் சாய்த்து அந்த வழியைத் திறக்கக் கற்றனர். நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்கவும், பீறிடும் குருதியை நிறுத்தவும் கற்றனர். வண்டியும் மாறிற்று: நோயாளியின் தலைமாட்டிலே ஒருவர் அமர்ந்து மூச்சைக் காக்க இடம் வைத்தார் சாஃபர். வேகமாக ஓட்டுவது மட்டும் வைத்தியமாகாது; ஓடும் வண்டியிலேயே வைத்தியம் நடக்க வேண்டும். இதுவே அவர் கண்ட புதுமை!

1968-இல் வண்டிகள் புறப்பட்டன. முதல் ஆண்டிலேயே 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஏற்றிச் சென்றன. 1974-இல் வந்த மருத்துவர் நான்சி கரோலைன், அந்த இளைஞர்களோடு தாமும் தெருவிலே இறங்கிப் பணிபுரிந்தார். பின்னர், 1979-இல், ஆம்புலன்ஸ் பணியாளருக்கெனப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். 'உதவாக்கரை' என்று ஒதுக்கப்பட்டோர், உலகுக்குப் பாடம் சொல்லும் நிலைக்கு உயர்ந்தனர்!

பரிசு என்ன தெரியுமா, தோழர்களே? 1975-இல் மேயர் பீட்டர் ஃபிளாஹெர்ட்டியின் நிர்வாகம் அவர்களது ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, நகராட்சிக்கெனத் தனிப்பணி தொடங்கிற்று. எழுத்துத் தேர்வு என்றார்கள். பழைய போலீஸ் வழக்கு என்றார்கள். வழி காட்டியவர்களிலே பலர் வழியிலே இறக்கிவிடப்பட்டனர். முறை வேண்டும், அதை வளர்த்த மனிதர் மட்டும் வேண்டாம்! ஆதிக்கத்தின் கணக்கு எங்கும் இப்படித்தான்.

நம் தமிழகத்திலும் 2008 முதல் 108 ஊர்திகள் ஓடுகின்றன. அந்த ஒலி கேட்டதும் ஒதுங்கி வழிவிடுகிறோம், நல்லது. அதனோடு நில்லாதீர்கள். உள்ளே நோயாளியின் தலைமாட்டிலே அமர்ந்திருப்பவருக்கு ஏற்ற பயிற்சி உண்டா, கருவி உண்டா, உழைப்புக்கேற்ற ஊதியம் உண்டா, ஓய்வு உண்டா என்று கேளுங்கள். கிளைக் கழகத்திலே கேளுங்கள், ஊராட்சியிலே கேளுங்கள், நம்மவர் ஆட்சியிலிருந்தாலும் கேளுங்கள்!

வழியிலே போகும் உயிர் விதியால் போவதில்லை. பொறுப்பேற்க ஆளில்லாததால் போகிறது. அந்தப் பொறுப்பை ஏற்போரைக் காப்பது நம் பொறுப்பு.